இரண்டு லிட்டர் தண்ணீர்

ஆலையில் அவனுக்கு 'டிகிரி' என்று பெயர். நாள் முழுக்க நிலக்கரியை எரித்துச் சூடு அளப்பவனுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்! ஒரு கிராம் கரித்தூளை இரும்புக் குப்பிக்குள் வைத்து, ஆக்சிஜனை அடைத்து, வாளித் தண்ணீரில் அமிழ்த்திப் பற்றவைப்பான். தண்ணீர் எவ்வளவு சூடேறுகிறதோ அதுதான் கரியின் தரம். அந்த எண் தினமும் வாசல் பலகையில் ஏறும்.

வாளியில் சரியாக இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். எடை போட்டுத்தான் ஊற்ற வேண்டும். "என் கண்ணே தராசு" என்று பீற்றிக்கொண்டு அவன் எடை போடுவதை விட்டு ஒரு வருடமாயிற்று. மாதம் ஒருமுறை, எவ்வளவு சூடு தரும் என்று முன்பே தெரிந்த ஒரு வெள்ளை மாத்திரையை எரித்துக் கருவியைச் சரிபார்க்க வேண்டும். அதற்கும் சோம்பல். போன மாத எண்ணையே நோட்டில் எழுதிவிடுவான். தண்ணீர் குறைந்தால் சூடு கூடும், மட்டமான கரியும் நல்ல கரியாகத் தெரியும். இது அவன் படிக்காத பாடமல்ல.

அந்த மாதம் கொதிகலனில் நீராவி போதவில்லை. மேலாளர் எல்லார் முன்னாலும் கொதிகலன் மேஸ்திரியை நிற்க வைத்தார். மேஸ்திரி வேறு யாருமில்லை, டிகிரியின் அக்கா கணவர்.

"கரி முதல் தரம்னு லேப் சொல்லுது. அப்போ தீ போடற ஆளுதான் சரியில்ல."

மாமா டிகிரியைத் திரும்பிப் பார்த்தார். "என் மச்சினன் அளந்தா தப்பு வராது சார். என் கையிலதான் ஏதோ குறை."

இருபது வருடம் தீயோடு நின்ற மனிதரைச் சாம்பல் அள்ளப் போட்டார்கள்.

மறுநாள் மனம் கேட்காமல் டிகிரி மாத்திரையை எரித்துப் பார்த்தான். கணக்குக்கு மேல் சூடு. வாளியைத் தராசில் வைத்தான். நூறு கிராம் குறைந்தது. வெட்கத்தில் காது மடல் எரிந்தது. அப்போதே எழுந்து போய்ச் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. அன்றிலிருந்து சத்தமில்லாமல் எடை போட்டு ஊற்றினான். பலகையில் எண் இறங்கியது. யாரும் கேட்கவில்லை. 'தப்பித்தோம்' என்று ஒரு மூச்சு விட்டானே, அந்த மூச்சை நினைத்துத்தான் பிறகு கூனிக்குறுகினான்.

மதியச் சோறு அக்கா இருவருக்கும் ஒரே அடுக்குப் பாத்திரத்தில் கொடுத்தனுப்புவாள். ஒன்பதாம் நாள் சோற்றைப் பிசைந்த மாமாவின் நகக்கண்ணில் சாம்பல். எத்தனை கழுவினாலும் அது போவதில்லை. டிகிரி எடுத்த கவளத்தைத் திரும்பத் தட்டில் வைத்தான்.

"மாமா, தப்பு என்னுது. தண்ணிய நான் எடையே போடல."

"தெரியும்."

"எப்படி?"

"அதே குவியல், அதே கரி. என்னை மாத்தின மறுநாளே பலகையில எண்ணு இறங்கிச்சு. கரியா மாறிச்சு?"

"அப்போ ஏன் மாமா சொல்லல?"

"தப்பு வராதுன்னு நாலு பேர் முன்னாடி சொன்னவன் நான். அதை நானே எப்படிடா மாத்தறது? நீயா சொல்லுவேன்னுதான் தினமும் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டேன்."

டிகிரி கைகூடக் கழுவவில்லை. இடது கையில் நோட்டை எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குள் நுழைந்தான். உள்ளே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள்.

"அப்புறம் வாப்பா, ஆளுங்க இருக்காங்க."

"இருக்கட்டும் சார்," என்றான் டிகிரி. "அவரையும் இவங்க முன்னாடிதான் சொன்னீங்க."