சகலையின் மீன்

என் கணவருக்கு மீன் மேல் ஆசை கிடையாது. தட்டில் வைத்தால்கூட முள்ளுக்குப் பயந்து ஒதுக்கிவிடுவார். அவருடைய ஆசையெல்லாம் சகலை வீட்டு ஹால் சுவர் மேல்தான். அங்கே என் அக்காவின் கணவர் ஆற்று நடுவில் நின்று, ஒரு பெரிய ட்ரவுட் மீனை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு சிரிக்கிற படம் மாட்டியிருக்கிறது. யார் வந்தாலும் அது எப்படி இழுத்தது, தான் எப்படி விட்டுப் பிடித்தார் என்று ஆரம்பித்துவிடுவார். அக்கா உடனே டீ போடுகிறேன் என்று எழுந்து உள்ளே போய்விடுவாள். பாவம், கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

"அதைவிடப் பெருசா ஒண்ணு பிடிச்சு நம்ம ஹால்ல மாட்டல, என் பேரை மாத்திக்கிறேன்" என்று இவர் ஒருநாள் காரில் வரும்போது சபதம் போட்டார்.

அன்றோடு வீட்டில் நிம்மதி போயிற்று. வீடியோ பார்த்துவிட்டு சோபா மேல் ஏறித் தூண்டில் வீசிப் பழகினார். முதலில் திரைச்சீலை மாட்டியது, பிறகு விளக்கு. மார்பு வரை ஏறுகிற ரப்பர் கால்சட்டை ஒன்று வந்தது. அதைப் போட்டுக்கொண்டு ஷவருக்கு அடியில் நின்று, தண்ணீர் உள்ளே போகிறதா என்று சோதித்தார். உடம்பு முழுக்கப் பையாக ஒரு மேல்சட்டையும் வாங்கினார். அத்தனை பையில் எதைப் போடுவது என்று தெரியாமல் இருமல் மிட்டாய் போட்டுக்கொண்டார்.

போட்டி என்றால் நியாயமாக இருக்க வேண்டுமாம். அதனால் சகலை போன அதே ஆறு, அதே கைடு. துணைக்கு நான்.

கைடு அதிகம் பேசாத மனிதர். இறகும் நூலும் சுற்றிய பொய்ப் பூச்சியைக் காட்டி, "இது தானா விழுந்த மாதிரி தண்ணில விழணும் சார். மீன் கிடைச்சா ஒரு போட்டோ, உடனே விட்டுடணும்" என்றார்.

"அப்போ சாப்பிட முடியாதா?" என்று நான் கேட்டேன்.

"மானத்தை வாங்காதே" என்றார் இவர்.

மதியத்துக்குள் இவர் கரையோர மரத்தைப் பிடித்தார், கைடின் தொப்பியைப் பிடித்தார், தன் முதுகையே ஒருமுறை பிடித்தார். மீன் மட்டும் பாக்கி. கைடுக்குச் சற்று நேரம் தள்ளி நிற்க ஆசை வந்திருக்க வேண்டும். "சும்மா உக்காந்திருக்கீங்களே மேடம், நீங்களும் வீசிப் பாருங்க" என்று பழுப்புப் பூச்சி கட்டிய ஒரு தூண்டிலை என் கையில் கொடுத்தார்.

வீசினேன். பூச்சி ஒரு பாறைக்குப் பின்னால் போய் விழுந்தது. சுண்டி இழுத்தது பாருங்கள், தோள் வரைக்கும் அதிர்ந்தது. விட்டேன், சுற்றினேன், மறுபடி விட்டேன். கைடு நீட்டிய வலைக்குள் அது புரண்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

இவர் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு ஓடி வந்தார். பாராட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். தன் செல்போனை என் கையில் திணித்துவிட்டு மீனைத் தூக்கிக்கொண்டார். "எடு, எடு, சீக்கிரம்!"

அது என் மீன். சொல்ல வாயெடுத்தேன்.

"பழைய ஆளு இது" என்றார் கைடு. "வால்ல கடிபட்ட இடம் பாருங்க. போன வருஷமும் இதே பாறைக்குப் பின்னாடி ஒரு மேடம்தான் பிடிச்சாங்க. போட்டோல அவங்க சார் நின்னார்."

அரைவட்டமாகக் கடிபட்ட அந்த வாலை எனக்குத் தெரியும். அக்கா வீட்டு ஹாலில் எத்தனை முறை பார்த்திருக்கிறேன். இவருக்கும் புரிந்துவிட்டது. முகம் அப்படியே மலர்ந்தது.

"அடப்பாவி! பொண்டாட்டி பிடிச்ச மீனைத் தூக்கி வச்சுக்கிட்டு போஸ் குடுத்திருக்கான் பாரு, வெட்கங்கெட்டவன்!" என்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "ஏய், என்ன பாத்துக்கிட்டு நிக்கற? எடு, நழுவுது!"

எடுத்தேன். அருமையான படம். எங்கள் ஹாலில் மாட்டியாயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சகலையும் அக்காவும் வந்தார்கள். சகலை படத்தின் அருகே போனார். வாலைப் பார்த்தார். இவரைப் பார்த்தார். இவரும் அவரைப் பார்த்தார். ஒருவர் வாயைத் திறந்தால் இருவர் மானமும் போகும்.

"நல்ல மீன்" என்றார் சகலை.

"உங்க மீன் மாதிரி வருமா?" என்றார் இவர்.

இருவரும் உட்கார்ந்து, அது எப்படி இழுத்தது என்று ஆரம்பித்தார்கள். நான் டீ போடுகிறேன் என்று எழுந்தேன். அக்கா பின்னாலேயே வந்தாள்.

"பாறைக்குப் பின்னாடியா?" என்றாள்.

"ஆமாக்கா."

"என்ன பூச்சி?"

"பழுப்பு."

"எனக்கும் பழுப்புதான்." அடுப்பைப் பற்றவைக்கப் போன என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ரொம்ப இழுத்துச்சா?"

"தோள் வரைக்கும் அதிர்ந்துச்சுக்கா" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவளுக்கும் கண் கலங்கியது. ஒரு வருஷமாக இதைச் சொல்ல அவளுக்கு ஆளே இல்லை.

"டீ என்னாச்சு?" என்று ஹாலிலிருந்து இரண்டு குரலும் சேர்ந்து கேட்டன.

"நீங்களே வந்து போட்டுக்கோங்க" என்று அக்கா உரக்கச் சொன்னாள். "நாங்க மீன் பிடிச்ச கதை பேசிக்கிட்டிருக்கோம்."