கலைக்கப்பட்ட நான்காம் வகுப்பு

1

இது எனக்கு நடந்ததில்லை. பக்கத்து வீட்டு வசுந்தரா, மாவு மில்லில் வரிசையில் நின்றபோது சொன்னது. மில் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. கேட்காத பாதியை நானே இட்டு நிரப்பியிருக்கிறேன். "எழுதுங்கக்கா, ஆனா முடிவை மட்டும் நல்லதா எழுதுங்க" என்றாள். அங்கேதான் இந்தக் கதை நின்றுபோயிருக்கிறது.

2

"1980. வில்லாபுரத்துத் தொடக்கப் பள்ளியின் வேப்பமர நிழலில்..."

(வேண்டாம். அந்தப் பள்ளியில் மரமே கிடையாது.)

வசுந்தரா அங்கே நான்காம் வகுப்பு டீச்சர். 'நமது அரசு' பாடத்தை வாசித்தால் பிள்ளைகள் தூங்கிவிழுந்தார்கள். ஊரெல்லாம் தேர்தல் சுவரொட்டி ஒட்டியிருந்த நேரம். வகுப்பிலும் ஒரு தேர்தல் வைத்தாள். குடம், மணி, குடை என்று கரும்பலகையில் சின்னங்கள். சாக்பீஸ் பெட்டிதான் ஓட்டுப்பெட்டி. குடம் ஜெயித்தது. குடம் என்றால் இருளாயி, ஒன்பது வயது.

அவள் போட்ட முதல் சட்டம்: வகுப்பறையைப் பெண்பிள்ளைகள் மட்டும் கூட்டக் கூடாது, எல்லோரும் முறைவைத்துக் கூட்ட வேண்டும். கை தூக்கச் சொன்னாள். பையன்களும் தூக்கினார்கள்.

3

நல்லகாமன் என்ற பையனுக்கு இது மிகவும் பிடித்துப்போனது. அதுதான் வினை. அவனுடைய அப்பா மலையாண்டி பள்ளிக்கு வந்துவிட்டார்.

"ஏம்மா டீச்சர், எம் மகன் வீட்லயும் வெளக்கமாத்தத் தூக்கிட்டுத் திரியிறான். 'இன்னைக்கு என் முறை'ங்கிறான். சொந்தக்காரன்லாம் சிரிக்கிறாய்ங்க."

"பிள்ளைக ஓட்டுப் போட்டு வந்த சட்டம்ணே."

"நாங்க போட்ட ஓட்டுக்குத் தெருவுல குழாயே வரல. இதுக ஓட்டுக்கு அம்புட்டு வெரசாச் சட்டம் வந்துருச்சாக்கும்!"

(இவரை எனக்குப் பிடித்துவிட்டது. கதைக்கு இது நல்லதில்லை.)

4

தலைமை ஆசிரியரை வில்லனாக்கப் பார்த்தேன். "மீசையை முறுக்கியபடி அவர்..." வரவில்லை. அவர் மெதுவாகத்தான் சொல்லியிருக்கிறார்: "விளையாட்டை நிறுத்திருங்கம்மா. ரிட்டயராகிற நேரத்துல எனக்கு எதுக்கு வம்பு?"

வசுந்தரா வகுப்புக்குப் போய், இனிமேல் பழையபடிதான் என்றாள். இருளாயி எழுந்தாள்.

"கலைச்சுட்டீகளா டீச்சர்?"

வகுப்பே சிரித்தது. மாநில ஆட்சியைக் கலைத்திருந்த வாரம் அது. எல்லார் வாயிலும் அந்தச் சொல்தான். அவள் சிரிக்கவில்லை.

"கலைச்சா மறுபடி எலெக்‌ஷன் வைக்கணும்னு நீங்கதான சொன்னீக. எப்ப வைப்பீக?"

"அடுத்த மாசம்" என்றாள் வசுந்தரா.

அன்று கூட்டும்போது மற்றப் பெண்பிள்ளைகளிடம் இருளாயி சொல்லிக்கொண்டிருந்தாள்: "அடுத்த மாசம் வரைக்கும்தான்டி."

5

அடுத்த மாதம் வந்தது. பரீட்சை வந்தது. விடுமுறையில் மாநிலத்துக்கே மறுதேர்தல் நடந்து முடிந்தது. இருளாயி ஐந்தாம் வகுப்புக்கு, பக்கத்து அறைக்குப் போனாள். எதிரே வந்தால் வணக்கம் சொல்வாள். எதுவும் கேட்பதில்லை.

முடிவு அ: மறுதேர்தல் நடக்கிறது, குடமே ஜெயிக்கிறது. எழுதிக் கிழித்துவிட்டேன்.

முடிவு ஆ: "வசுந்தரா கைப்பையை எடுத்துக்கொண்டு வேலையை விட்டு..." எங்கே விடுவது? அவள் சம்பளத்தில் சாப்பிடுகிறவர்களை எனக்குத் தெரியும்.

நேற்று இதுவரை எழுதியதை அவளிடம் படிக்கக் கொடுத்தேன். ஒன்றே ஒன்று கேட்டாள்.

"'அடுத்த மாசம்'னு நான் சொன்னதை மட்டும் அடிச்சிருங்கக்கா. வாயே தெறக்கலைன்னு எழுதுங்க. பயந்தாங்கொள்ளின்னு நெனைச்சாலும் பரவால்ல."

6

சும்மா நின்ற டீச்சராக இருப்பதை அவளால் தாங்க முடியும். சொல்லிவிட்டுச் செய்யாத டீச்சராக இருப்பதைத் தாங்க முடியாது. அது எனக்குப் புரிகிறது. பேனாவை அந்தச் சொற்களின் மேல் வைத்தும் விட்டேன்.

ஆனால் அவற்றை அடித்தால் இருளாயி தோழிகளிடம் சொன்னதும் போய்விடும். அப்புறம் அவள் வெறுமனே வகுப்பைக் கூட்டுகிற ஒரு பெண்பிள்ளை. அந்த ஒரு மாதமாவது அவள் அப்படிக் கூட்டவில்லை.

யாருக்காக எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. நீங்கள் நான்காம் பகுதிக்குத் திரும்பிப் போங்கள். அந்த இரண்டு சொற்களும் இன்னும் அடிக்கப்படாமல் அங்கே இருக்கின்றன.