கிள்ளானில் ராகு எத்தனை மணிக்கு எழுந்தார்?

சனிக்கிழமை காலை 9.35.

கிள்ளானில் ஒரு பச்சை கேட்டின் முன்னால் கிராப் வாடகைக் கார் நின்றது. கரோக்கே பெட்டியை மார்போடு அணைத்தபடி குதித்து இறங்கினாள் ஷாமினி.

பிரிக்பீல்ட்ஸ் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வயது முப்பத்தொன்று. இரண்டு வருஷமாக ஒரு பிளாஸ்டிக் உக்குலேலேயோடு, அந்த நாலு கம்பிக் குட்டி கிதாரோடு, மல்லுக்கட்டுகிறவள். சுருதி சேர்த்து முடிப்பதற்குள் அது சோர்ந்துவிடும். முந்தின இரவு போனில் அந்த விளம்பரத்தைப் பார்த்ததிலிருந்து அவளுக்குத் தூக்கம் இல்லை.

'மஹோகனி மர உக்குலேலே, புதுசு. காசு வேண்டாம். கரோக்கே செட் இருந்தால் மாற்றிக்கொள்ளலாம்.'

கடையின் ஆண்டு விருந்தில் லக்கி டிராவில் விழுந்த கரோக்கே செட், அவள் கட்டிலுக்கடியில் உறை பிரிக்காமல் கிடந்தது!

கேட்டைத் திறந்தவர் சபாபதி. முப்பது வருஷம் லோரி ஓட்டி ஓய்ந்தவர். ஹாலில், சோபாவின் மேல் இருந்தது அது. தேன் நிறம். ஷாமினி ஒரே ஒரு கம்பியைத் தட்டினாள். அறை முழுக்க மணி போல நின்றது நாதம்.

"மக வாங்கித் தந்தாம்மா. என் வெரலப் பாரு. ஒண்ண அமுக்கினா மூணு கம்பி படுத்துக்குது."

"அப்ப எடுத்துக்கட்டுமா அங்கிள்?"

"ஐயோ, இப்பவா?" சபாபதி சுவர்க் காலண்டரைக் காட்டினார். "ஒம்போதுலேர்ந்து பத்தரை ராகு காலம். வீட்டுப் பொருள் வாசல் தாண்டாது. அதான் மாத்திக்க வர்ற செராஸ் ஊர்க்காரரையும் பத்தரைக்கு வரச் சொல்லியிருக்கேன்."

ஷாமினிக்குப் பகீரென்றது. "எந்தச் செராஸ்காரர்?"

"கன்னையான்னு ஒருத்தர். பெரிய பெட்டியா வெச்சிருக்காராம்."

பெரிய பெட்டி! ஷாமினியின் மூளை டாப் கியருக்குப் போனது.

"அங்கிள், இன்னைக்குக் கிள்ளான்ல எத்தனை மணிக்கு விடிஞ்சுச்சு?"

"ஏழே கால்."

"அந்தக் காலண்டர்க் கணக்கு, ஆறு மணிக்கு விடியற ஊருக்குப் போட்டது. இங்க சூரியனே ஏழே காலுக்குத்தான் எழுந்திரிக்குது. ராகு மட்டும் ஆறு மணிக்கே எழுந்து பஸ் பிடிச்சு வருவாரா?"

சபாபதி யோசித்தார். பேனா எடுத்தார். காலண்டர் ஓரத்தில் கூட்டினார், கழித்தார். நிமிர்ந்தபோது மணி பத்து அடிக்க ஐந்து நிமிஷம்.

"அட, ஆமாலா! பத்தே கால்லேர்ந்து பதினொன்னே முக்கால் வரைக்கும்தான் ராகு. இப்ப நல்ல நேரம்!"

வெற்றி! ஷாமினி சோபாவை நோக்கிக் கை நீட்டினாள்.

"இரும்மா. பெட்டி பாடுதான்னு ஒரு தடவ பாத்துடறேன்."

ஷாமினி உறையைப் பிரித்து மைக்கை அவரிடம் நீட்டினாள். சமையலறையிலிருந்து தேநீரோடு வந்த அவர் மனைவி பவுனம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "கெட்டுது போ. மைக்கக் கையில குடுத்துட்டியா? இனிமே அவர யாரு நிறுத்தறது?"

சபாபதி பாடினார். மூன்று சரணமும் பாடினார். அடுத்த பாட்டுக்குத் தாவினார். "அங்கிள், மணி!" என்று ஷாமினி கத்தியது எதிரொலியில் கரைந்தது. மூன்றாவது பாட்டு முடிந்து, வேர்வை வழிய உக்குலேலேயைத் தூக்கப்போனவர், கடிகாரத்தைப் பார்த்துச் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

10.17.

"உன் கணக்குப்படி இப்பதானேம்மா ராகு ஆரம்பம்?"

ஷாமினி தான் வெட்டிய குழியின் ஆழத்தை எட்டிப் பார்த்தாள்.

சரியாகப் பத்தரைக்கு வாசலில் வேன். இடுப்புயர ஸ்பீக்கரை உருட்டிக்கொண்டு வந்தார் கன்னையா. "பாஸ், ராகு முடிஞ்சிருச்சு. குடுங்க லா!"

"இல்ல, இப்பதான் வந்திருக்காரு. பதினொன்னே முக்கால் வரைக்கும் இருப்பாரு."

"யார் சொன்னா?"

சபாபதி ஷாமினியைக் காட்டினார். கன்னையா அவளை முறைத்தார். "நல்லா செஞ்சீங்க ஆன்டி!"

ஆன்டியா! ஷாமினி பல்லைக் கடித்தாள். சபாபதியின் கண்களோ பெரிய ஸ்பீக்கரை விட்டு நகரவில்லை.

"சத்தம் எப்படி?"

"நாலு தெருவுக்குக் கேக்கும் பாஸ்."

பவுனம்மாளின் முகம் வெளுத்தது. அதைப் பார்த்தது ஷாமினி மட்டும்தான். தன் பெட்டியில் சும்மா கிடந்த இரண்டாவது மைக்கை எடுத்து, பவுனம்மாளின் கையில் திணித்தாள்.

"ஆன்டி, நீங்க ஒரு பாட்டுப் பாடுங்களேன்."

"நானா? சீ, போ."

"ரெண்டே வரி."

பவுனம்மாள் தொண்டையைச் செருமினாள். இரண்டு வரி நான்கானது. சபாபதி வாயைப் பிளந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் கேட்டேயிராத குரல் அது. அவர் பாடிக்கொண்டே இருந்ததில் அதற்கு இடமே கிடைக்கவில்லை. அவர் மற்ற மைக்கை எடுத்து மெல்லச் சேர்ந்துகொண்டார்.

பதினொன்றே முக்காலுக்கு அவர் கேட்டார்: "பவுனு, எந்தப் பெட்டிய வெச்சிக்கலாம்?"

"அந்தப் பெரிசுல எத்தன மைக்கு?"

"ஒண்ணுதான் ஆன்டி" என்றார் கன்னையா.

பவுனம்மாள் வலது கையில் மைக்கை இறுக்கிக்கொண்டே, இடது கையால் உக்குலேலேயைத் தூக்கி ஷாமினியிடம் நீட்டினாள். பிறகு ஏதோ நினைவு வந்து, மைக்கைக் கக்கத்தில் இடுக்கி, வலது கைக்கு மாற்றிக் கொடுத்தாள்.

"நல்ல நேரம்மா. எடுத்துட்டு ஓடு."

ஷாமினி ஓடினாள். கிள்ளான் ஸ்டேஷன் வரைக்கும் மனசு தாங்கியது. பிளாட்பாரப் பெஞ்சில் உட்கார்ந்து, கம்பிகளை அமுக்கி முதல் கோர்டைப் பிடித்தாள்.

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போக வேண்டிய ரயில் வந்தது, கதவு திறந்தது, மூடியது, போனது. அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை.