ரெட்டியார்பட்டி ஏற்றத்துக்குப் பிறகு

விஜயஸ்ரீக்குக் கல்லீரல் கெட்டுப்போய்விட்டது என்று அலுவலகத்தில் பேச்சுக் கிளம்பியபோது, அவள் அதுவரை ஓடாத வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தாள்.

வயது நாற்பத்தெட்டு. சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, நடங்கள் என்று சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு டாக்டர் சொல்லப்போய், பாளையங்கோட்டை ஸ்டேடியத்தில் காலை நடைக்கு வந்தவள். அங்கேதான் மேலப்பாளையம் ஜமீலா பீவி பழக்கமானாள். விஜயஸ்ரீயை விட மூன்று வயது மூத்தவள். பத்து நாள் கூடவே நடந்து பார்த்துவிட்டு, "ஏளா, நீ நடக்கல. ஓட்டத்தை அடக்கி வச்சிட்டு நடக்க. ஓடித்தான் பாரேன்" என்றாள். விஜயஸ்ரீ ஓடினாள். பிறகு நிற்கவே இல்லை. போன வருஷம் மூத்தோர் தடகளப் போட்டியில் ஐயாயிரம் மீட்டரில் கடைசிக்கு முந்தின இடம். இந்த வருஷம் மாநிலப் போட்டி பாளையங்கோட்டையிலேயே நடக்கப்போகிறது என்று தெரிந்ததும் அவளுக்கு வெறி பிடித்துவிட்டது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் ரெட்டியார்பட்டி மலைப் பக்கம் போய், ஏற்றத்தில் ஏறி இறக்கத்தில் விழுந்தடித்து ஓடி வருவாள்.

அப்படி ஒரு ஞாயிறு ஓடிவிட்டு, படிக்கட்டில் இறங்கத் தொடை ஒத்துழைக்காமல் பக்கவாட்டில் நடந்து அலுவலகம் போன திங்கட்கிழமைதான் அங்கே மருத்துவ முகாம் போட்டிருந்தார்கள். எல்லாரோடும் அவளும் கையை நீட்டினாள். மூன்றாம் நாள் முடிவு வந்தது. நாற்பதுக்குள் இருக்க வேண்டிய எஸ்.ஜி.ஓ.டி. இருநூறைத் தாண்டியிருந்தது. எஸ்.ஜி.பி.டி.யும் ஏறியிருந்தது. முகாம் டாக்டருக்கு முன்னால் நீண்ட வரிசை. அவர் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"கல்லீரல் பாதிச்சிருக்கும்மா. ஓட்டம், ஆட்டம் எல்லாத்தையும் நிறுத்துங்க. எண்ணெய் தொடாதீங்க. ஸ்கேன் எடுத்துப் பாருங்க."

வீட்டில் அவள் கணவர் பாலசுப்பிரமணியன் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எண்களைத் திரும்பத் திரும்பப் படித்தார். கல்லூரியில் வணிகவியல் ஆசிரியர். எண் என்றால் நம்புகிறவர். அவருடைய சித்தப்பா ஒருத்தர் கல்லீரல் கெட்டு, வயிறு வீங்கி, கண் முன்னால் போனவர். அது அவர் நெஞ்சை விட்டு இறங்கவே இல்லை.

மறுநாளிலிருந்து ஓட்டம் நின்றது, வீட்டில் பத்தியம். ஸ்கேனில் ஒன்றுமில்லை, மஞ்சள் காமாலைக் கிருமியும் இல்லை என்று வந்தபிறகும் அவர் விடவில்லை. சேரன்மகாதேவி பக்கம் வயல் வரப்பில் தானே குனிந்து கீழாநெல்லி பிடுங்கி வந்து, அம்மியில் அரைத்து, மோரில் கலக்கி, வெறும் வயிற்றில் அவள் முன்னால் நீட்டினார். அவருக்கு அம்மியில் அரைக்கத் தெரியாது. விரல் நசுங்கிச் சிவந்திருந்தது. அதைப் பார்த்தபிறகு வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. குடித்தாள்.

ஆனால் விடியற்காலை விழிப்பு வந்துவிடும். ஸ்டேடியத்தில் இந்நேரம் யார் யார் ஓடுவார்கள் என்று படுத்தபடியே நினைப்பாள். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரி தன் தண்ணீர் டம்ளரைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டாள். விஜயஸ்ரீ அன்று கழிப்பறையில் போய் அழுதாள். நோய் வந்ததற்காகவா ஓட்டம் போனதற்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஜமீலா பீவி ஆட்டோவில் வந்து இறங்கினாள். உள்ளே வந்து விஜயஸ்ரீயின் கண் இமையை இழுத்துப் பார்த்தாள்.

"மஞ்சளும் இல்ல, மண்ணும் இல்ல. அண்ணாச்சி, என் மவளோட படிச்ச பிள்ளை ஸமீஹா இங்கன ஆஸ்பத்திரி வச்சிருக்கு. விளையாட்டுக்காரங்களுக்குன்னே படிச்ச டாக்டர். ஒரு எட்டு போய்ட்டு வருவோமே."

பாலசுப்பிரமணியன் எல்லாத் தாளையும் கோப்பில் அடுக்கிக்கொண்டு கிளம்பினார்.

டாக்டர் ஸமீஹா தாள்களை வாங்கிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். "ரத்தம் குடுக்கிறதுக்கு முந்தின நாள் என்ன செஞ்சிய?"

இதுவரை யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. விஜயஸ்ரீ சொன்னாள். ஏற்றம், இறக்கம், மறுபடி ஏற்றம், தொடை வலி, பக்கவாட்டு நடை எல்லாம்.

"எஸ்.ஜி.ஓ.டி.யும் எஸ்.ஜி.பி.டி.யும் கல்லீரல்ல மட்டும் இல்லம்மா, தசையிலயும் இருக்கு. இறக்கத்துல ஓடும்போது தொடைத் தசை நுணுக்கமாக் கிழியும். கிழிஞ்ச இடத்துல இருந்து உள்ள இருக்கது கசிஞ்சு ரத்தத்துக்கு வரும். அது நோய் இல்ல, உடம்பு பழுது பாக்குத வேலை. அது தசைல இருந்துதான் வந்துச்சான்னு பாக்க சி.கே.ன்னு ஒண்ணு இருக்கு, கிரியேட்டின் கைனேஸ். கல்லீரல்ல இருந்து வந்திருந்தா ஜி.ஜி.டி.யும் சேந்து ஏறும். அது தசைல கிடையாது. இந்த ரெண்டையும் யாரும் பாக்கல."

அன்றே ரத்தம் எடுத்தார்கள். எல்லாமே சரியாக இருந்தது. எஸ்.ஜி.ஓ.டி. இருபத்தாறு. விஜயஸ்ரீக்குச் சிரிப்பு பொங்கியது. ஆனால் பாலசுப்பிரமணியன் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"கீழாநெல்லி கேட்டிருச்சு பாத்தியா. ஒரு மண்டலம் குடிச்சிரு. ஓட்டத்த மட்டும் விட்டிரு."

ஸமீஹா சிரிக்கவில்லை. "சார் சொல்லுதது நியாயம்தான். ஓய்வு எடுத்ததால இறங்குச்சா, மருந்தால இறங்குச்சான்னு இதை வச்சுச் சொல்ல முடியாது. அப்போ சோதிச்சுப் பாத்திருவோம். மருந்தை நிறுத்திட்டு அம்மா அதே மலையில ஓடட்டும். ஓடுததுக்கு முந்தி ஒரு தடவை, மறுநாள் ஒரு தடவை, ஒரு வாரம் கழிச்சு ஒரு தடவை ரத்தம் எடுப்போம். பாதி தூரம் போதும், தண்ணி நல்லாக் குடிக்கணும். சிறுநீர் கருத்துப் போனா உடனே எனக்குப் போன் போடணும். அது வேற, அது ஆபத்து."

பாலசுப்பிரமணியன் மனைவியைப் பார்த்தார். அவள் அவரைக் கெஞ்சவில்லை. "எனக்குத் தெரிஞ்சாகணும்" என்று மட்டும் சொன்னாள். "நோயாளின்னா இருந்துக்கிடுதேன். இல்லன்னா என்னை விட்டிருங்க."

அவர் தலையாட்டினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் ரெட்டியார்பட்டியில் ஓட, அவர் ஸ்கூட்டரில் தண்ணீரும் குளுக்கோஸுமாகப் பின்னாலேயே வந்தார். மலை மேல் வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. முதல் இறக்கத்தில் கால் தன்பாட்டுக்கு எட்டி வைத்தபோது, இரண்டு வாரமாக மார்பில் கட்டிக் கிடந்தது எதுவோ கழன்று விழுந்தது. அவள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கினாள். பின்னால் வந்தவருக்குப் பயம். "என்ன செய்யுது?" என்று கேட்டுக்கொண்டே அவளை ஒட்டி ஸ்கூட்டரை ஓட்டினார். "ஒண்ணும் செய்யல. நல்லா இருக்கு" என்றாள்.

மறுநாள் முடிவு வந்தது. எஸ்.ஜி.ஓ.டி. மறுபடி ஏறியிருந்தது. சி.கே. ஆயிரத்துக்கும் மேலே. ஜி.ஜி.டி. மட்டும் இருந்த இடத்தை விட்டு இம்மி அசையவில்லை. ஒரு வாரம் கழித்து, கீழாநெல்லியும் இல்லாமல் பத்தியமும் இல்லாமல், ஜமீலா வீட்டு விருந்தில் உட்கார்ந்து அவள் தேங்காய்ச் சோறும் கத்தரிக்காயும் வெளுத்துக்கட்டிய பிறகும், ஏறினதெல்லாம் தானாக இறங்கிவிட்டிருந்தது.

பாலசுப்பிரமணியன் மூன்று முடிவுகளையும் மேசையில் வரிசையாக வைத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "தசைதான்" என்றார். பிறகு, "நான் சித்தப்பாவையே நினைச்சுட்டு இருந்துட்டேன்" என்றார். விஜயஸ்ரீ அவருடைய நசுங்கிய விரலை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஸமீஹா அதோடு விடவில்லை. "நோய் இல்ல, சரி. ஆனா நீங்க ஓடுத முறை தப்பு. உடம்பு பழுது பாத்து முடிக்க முந்தியே திரும்பவும் கிழிக்கிய. சனிக்கிழமை கிழிச்சதை ஞாயித்துக்கிழமை கிழிக்கிய. போன வருஷம் போட்டியில கால் எப்படி இருந்துச்சு?"

"மரக்கட்டை மாதிரி."

"அதான்."

அதன்பிறகு மலை ஓட்டம் வாரத்துக்கு ஒருமுறை என்றாயிற்று. அவ்வப்போது சி.கே. பார்த்தார்கள். அது இறங்கும் வரை பைய ஓட்டம் அல்லது வெறும் நடை. முதலில் அவளுக்குப் பொறுக்கவில்லை. ஓய்வு நாளில் காலைக் கட்டிப்போட்ட கன்றுக்குட்டி மாதிரி வீட்டுக்குள் சுற்றினாள். ஆனால் மாதம் போகப் போக, அதே மலைக்கு சி.கே. கொஞ்சமாகத்தான் ஏறியது, சீக்கிரமும் இறங்கியது. தசை பழகிவிட்டது என்றார் டாக்டர். அதற்குள் அவளுக்கே புரிய ஆரம்பித்திருந்தது. காலையில் எழுந்து தொடையை அழுத்திப் பார்த்து, "இன்னைக்கு இன்னும் இறங்கியிருக்காது" என்பாள். சோதித்தால் அப்படியேதான் இருக்கும்.

போட்டிக்கு முந்தின வாரம் எல்லாரும் மூச்சு முட்ட ஓடிக்கொண்டிருக்க, அவள் ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டாள்.

போட்டி அன்று ஸ்டேடியத்தில் நல்ல கூட்டம். கோயம்புத்தூரிலிருந்து மஞ்சள் பனியன் போட்டு வந்திருந்த பெண்தான் போன வருஷத்து முதல் பரிசுக்காரி. துப்பாக்கி வெடித்ததும் அவள் காற்றாகப் போனாள். மற்றவர்கள் பின்னாலேயே பறந்தார்கள். விஜயஸ்ரீ போகவில்லை. எட்டாவதாக ஓடினாள். கம்பியோரம் நின்ற ஜமீலா பீவி துஆ ஓதிக்கொண்டிருந்தாள். பாலசுப்பிரமணியனுக்கு நிற்க முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளுக்குச் சமமாக அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்தார்.

பாதி தூரம் தாண்டியதும் முன்னால் போனவர்கள் ஒவ்வொருத்தராகத் தளர்ந்தார்கள். விஜயஸ்ரீ வேகத்தைக் கூட்டவே இல்லை. அதே வேகம். அவர்கள்தான் பின்னோக்கி வந்தார்கள். ஏழு, ஆறு, நாலு, இரண்டு. போன வருஷம் இதே தூரத்தில் தொடை இறுகியது ஞாபகம் வந்தது. தொடைக்குக் கவனத்தை அனுப்பிப் பார்த்தாள். அங்கே வலி இல்லை. வேண்டுமென்றால் எடுத்துக்கொள் என்கிறாற்போல் பலம் அப்படியே இருந்தது.

கடைசிச் சுற்றுக்கு மணி அடித்தார்கள். மஞ்சள் பனியன் இருபது முப்பது அடி முன்னால். விஜயஸ்ரீ இப்போது கையை வீசினாள். திருப்பத்தில் அந்தப் பெண் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. நேர்ப்பாதைக்கு வந்தபோது இருவரும் தோளோடு தோள். அந்தப் பெண் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே விஜயஸ்ரீக்குத் தெரிந்துவிட்டது. இனி அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை. தன்னிடம் இருக்கிறது.

முடிவுக் கோட்டை முதலில் தாண்டியும் அவளால் நிற்க முடியவில்லை. அவ்வளவு ஓட்டம் காலில் பாக்கி இருந்தது. வளைவு வரை ஓடிப்போய்த்தான் திரும்பினாள். பாலசுப்பிரமணியன் கம்பியைத் தாண்டி உள்ளே வந்து, நடுவர் விரட்டுவதையும் கவனிக்காமல் நின்றார். 

ஒலிபெருக்கியில், "மகளிர் நாற்பத்தைந்து வயதுக்கு மேல், ஐயாயிரம் மீட்டர், முதலிடம்" என்று ஆரம்பித்து அவள் பெயரையும் திருநெல்வேலியையும் சேர்த்துச் சொன்னார்கள். ஜமீலா பீவி, "இன்னொரு வாட்டி சொல்லச் சொல்லுங்க அண்ணாச்சி, எனக்குச் சரியாக் கேக்கல" என்றாள்.

அவர் நிஜமாகவே ஒலிபெருக்கிக்காரரைத் தேடிப் போனார்.