பெரட்டுக் குரலில் பாடிய படிகம்

நமுனுகுல மலைச்சரிவில் மண் நகர்கிறதா என்று கண்காணிக்கும் அறைக்குள் நுழைந்ததும், குடையை மடக்குமுன்னரே சஜீவனி ராடார்ப் பெட்டியின் சிறு திருகைத் தொட்டுப் பார்ப்பாள். மலைக்கு அனுப்பும் அலையைப் பிறப்பிக்கும் குவார்ட்ஸ் படிகத்துக்கு எவ்வளவு மின்சாரம் செல்லவேண்டும் என்பதை அத்திருகே தீர்மானித்தது. தான் வைத்த இடத்தில் அது இருந்தால்தான் அவளுக்குத் தேநீர் இறங்கும்.

பண்டாரவளையில் தமக்கை வீட்டுக்குப் போய்த் திரும்பிய காலையில், திருகு இடம் மாறியிருந்தது.

"இதை யாரு திருப்புனா?"

"நாந்தான் அக்கா," என்றான் உடன் பணிபுரியும் கஜேந்திரன். "ஒரே இரைச்சல். கூட்டி வச்சேன், படம் பளிச்சுன்னு ஆயிருச்சு. தோட்டத்துல காலையில வேலைக்கு ஆளெடுக்கிற பெரட்டுல மெதுவாப் பேர் கூப்பிட்டா யாரு வருவா? எங்கப்பா கூப்பிட்டா அடுத்த மலைக்கே கேக்கும்."

"படிகம் ஒங்கப்பா இல்ல."

அவன் சிரித்தான். "மலை அசையலன்னு தெளிவாக் காட்டுச்சு. மண்சரிவுக்குப் பயந்து பள்ளிக்கூடத்துல தங்கியிருந்த கீழ் லயத்து வீட்டு ஆளுகளை நேத்தே வீட்டுக்குப் போகச் சொல்லிட்டேன்."

சஜீவனி குடையைப் போட்டுவிட்டுத் திரைப்பக்கம் பாய்ந்தாள்.

காவலுக்கு நின்ற சிள்வண்டு ஒன்று, காடெங்கும் கேட்கட்டும் என்று உரக்கப் பாடியதாம். பக்கத்தில் வந்த பல்லியின் காலடி அதற்கே கேட்கவில்லையாம். படிகமும் அத்தகையதே. மிகுதியாக மின்சாரம் கொடுத்து உந்தினால், அலையின் அதிர்வெண்ணிலிருந்து தள்ளியுள்ள இரைச்சல் அடங்கும். ஆனால் படிகம் நிலைதடுமாறி, அந்த அதிர்வெண்ணை ஒட்டிய இரைச்சல் பெருகும். மெல்ல நகரும் மண்ணில் பட்டுத் திரும்பும் அடையாளமோ அதை ஒட்டியே வரும்.

அவள் திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, படிகம் அடங்கும்வரை காத்திருந்தாள். தகரக் கூரையில் மழை அறைந்தது. திரையெங்கும் இரைச்சல் திரும்பியது. ஆனால் அலையைக் குறிக்கும் நடுக்கோட்டின் பருத்த அடிப்பகுதி மெலிந்தது. அதுவரை அதனுள் மறைந்திருந்த சிறு மேடு ஒன்று பக்கத்தில் எழுந்து நின்றது.

"மண் எறங்குது," என்றாள். "மேலிடத்துக்கு நான் சொல்றேன். ஆளுகளை வீட்டுக்கு அனுப்புனவன் நீ. நீயே போய்க் கூப்பிடு."

கஜேந்திரன் மழையில் இறங்கி ஓடினான். பெரட்டுக்களத்தில் நின்று, தகப்பனின் குரலிலேயே லயம் லயமாகக் கூப்பிட்டான். கதவுகள் திறந்தன.

"நேத்து வீட்டுக்குப் போங்கன்னீங்க, இன்னைக்கு வெளிய வாங்கங்கிறீங்க," என்றாள் கீழ் லயத்து ரெங்கம்மா. "ஒங்க மெஷினுக்குக் கிறுக்கா தம்பி?"

"மெஷின் மேல தப்பில்லங்க. நாந்தான் அதைக் கெடுத்தேன். மன்னிச்சிருங்க. மலை அசையுது, பள்ளிக்கூடத்துக்கு ஏறுங்க."

"எங்க வீட்டுக்காரரு கால்ல கட்டோட கெடக்கிறாரு. இன்னொரு வாட்டி யாரு தூக்குவா?"

கஜேந்திரன் உள்ளே சென்று, கட்டிலருகே முதுகைக் காட்டிக் குந்தினான்.