பார்பராவின் வரவேற்புக் குழு

டூங்கபியில் வாடகை வீட்டில் இருந்த யோகாவும் கணவன் சுபாங்கனும் மாசி மாதம் சிட்னியின் வடக்குப் பக்கம் சொந்த வீட்டுக்கு மாறினார்கள். பெரிய மரங்கள், பெரிய வீடுகள், அதைவிடப் பெரிய விலை. யோகா சத்திரசிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுக்கும் டொக்டர். சுபாங்கனுக்கு வங்கியில் ஐடி மேலாளர் வேலை.

வந்த கிழமையே எதிர்வீட்டு பார்பரா கதவைத் தட்டினார். எழுபது தாண்டியவர், அந்தப் பகுதி வரவேற்புக் குழுவின் தலைவி. கையில் ஒரு கூடை. உள்ளே பாஸ்தா, ரின்னில் அடைத்த மீன், சோப்பு, இலவச ஆங்கில வகுப்புக்கான துண்டுப்பிரசுரம்.

"புது நாட்டில் தொடக்கம் கஷ்டம்தான். வெட்கப்படாதீர்கள்," என்றார் பார்பரா, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி.

"நான் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறேன்," என்றாள் யோகா.

பார்பரா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "கௌரவமான வேலை. தரை சுத்தமாக இருந்தால்தானே நோயாளி பிழைப்பான்!"

யோகா வாய் திறப்பதற்குள் அவர் படியிறங்கிவிட்டார்.

குசினியில் நின்ற சுபாங்கன் கோபத்தில் குதித்தான். "எங்களுக்கு நிவாரணமோ? திருப்பிக் குடுத்திட்டு வாரும்!"

"அன்பாக் கொண்டு வந்தவா அப்பா. வெறுங்கூடையாக் குடுக்கேலாது," என்ற யோகா, கூடை நிறைய மட்டன் ரோல்ஸ் பொரித்துக் கொண்டுபோனாள்.

அதுதான் பிழையாகிப் போனது. யோகா பலகாரம் விற்றுக் குடும்பத்தைத் தாங்குகிறாள் என்று பார்பரா முடிவு கட்டிவிட்டார். முதலில் தோட்டக் கழகத்திலிருந்து ஓடர் வந்தது. பிறகு புத்தக வட்டம், பிறகு யாரோ ஒருவரின் பிறந்தநாள். யோகா உண்மையைச் சொல்லத் தொடங்கும் போதெல்லாம், "உங்கள் உழைப்பைப் பார்க்க எங்களுக்கே பெருமை," என்று பார்பராவின் கண் கலங்கும். அதற்கு மேல் என்னத்தைச் சொல்வது? லீவு நாட்களில் சுபாங்கன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உருளைக்கிழங்கு உரித்தான்.

ஆவுஸ்திரேலியாவின் ஆவணிக் குளிரில் பார்பராவுக்கு முழங்கால் சத்திரசிகிச்சை வந்தது. தள்ளுகட்டிலில் படுத்திருந்தவர், பச்சைத் தொப்பியோடு வந்த யோகாவைக் கண்டதும் எழும்பப் பார்த்தார்.

"யோகா! பாவம், எவ்வளவு நேரமாக நிற்கிறீர்களோ! என் கட்டிலுக்கடியில் சுத்தமாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் உட்காருங்கள்."

"பார்பரா, உங்களுக்கு மயக்க மருந்து தரப்போவதே நான்தான்."

பார்பரா தாதியைப் பார்த்தார். "எங்கள் பிரிவின் தலைமை டொக்டர்," என்றாள் தாதி.

"அப்படியானால் அந்த ரோல்ஸ்?"

"அயல் வீட்டாருக்கு ஆசையாகச் செய்தது."

பார்பராவின் முகம் சிவந்தது. யோகாவின் கையிலிருந்த ஊசியையே பார்த்தபடி, "என்மேல் கோபம் ஒன்றும் இல்லையே?" என்றார்.

யோகாவுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "இல்லவே இல்லை. பத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்."

மறுநாள் வார்ட்டுக்குப் பார்க்கப் போனபோது பார்பரா எல்லாவற்றையும் கொட்டினார். "நகரசபைக் கவுன்சில்காரர் ஒருவர் எங்கள் குழுக் கூட்டத்துக்கு வந்து சொன்னாராம். இங்கே குடும்ப வருமானம் ஏறுவதே சீனாவிலும் இந்தியாவிலும் இலங்கையிலும் பிறந்தவர்களால்தானாம். நான் அன்றைக்குத் தூங்கிவிட்டேன். எங்கள் வீட்டை அந்தக் காலத்தில் ஒரு பள்ளி ஆசிரியரின் சம்பளத்தில் வாங்கினோம். இப்போது வீட்டுக்கு மட்டும்தான் விலை, கையில் காசில்லை. நான் பென்ஷனில் ஹீற்றர் போடவே யோசிக்கிறேன். நம் வீதியில் ஆகக் குறைந்த வருமானம் என்னுடையதுதான், யோகா."

"அப்ப வெள்ளிக்கிழமை எங்கட வீட்டுக்குச் சாப்பிட வாங்கோ," என்று யோகா தமிழில் சொல்லி, பிறகு ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னாள்.

பார்பரா ஊன்றுகோலோடு வந்தார். அடுத்த வெள்ளியும் வந்தார். சுபாங்கன் இரண்டு கிழமை முணுமுணுத்தான். இப்போது ஹீற்றருக்குப் பக்கத்தில் அவருக்கென்று கதிரை போட்டு வைக்கிறான். இரண்டு பேருமாக ரக்பி பார்த்து நடுவரைத் திட்டுகிறார்கள்.