இரண்டாம் பாகத்துக் கோடு

எங்கள் தெருவை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வேங்கை மாமா விளையாட்டின் இரண்டாம் பாகத்துக்கு மாற்றினார்கள். எல்லோரும் தண்ணீர் பிடித்து முடித்த பிறகுதான் மாற்றினார்கள். அந்த மட்டில் ஒழுங்கு.

வேங்கை மாமா படங்கள் வரிசையாக வந்துகொண்டே இருந்த காலத்தில் சில காட்சிகளை எங்கள் தெருவில் எடுத்தார்கள். அவர் மாடிக்கு மாடி தாவுவது எங்கள் மொட்டை மாடியில்தான். படம் வீடியோ விளையாட்டாக ஆனபோது தெருவும் உள்ளே போனது. நாங்களும் போனோம். வீட்டை விட்டுவிட்டு எங்கே போவது.

முதல் பாகத்தில் குறை ஒன்றுமில்லை. குடும்பத்தோடு விளையாடுவது என்பதால் அங்கே யாரும் சாவதில்லை. மாடியிலிருந்து விழுந்தால் துண்டு துண்டாகச் சிதறுவோம். பிறகு பழையபடி சேர்ந்து எழுந்து விட்ட வேலையைப் பார்ப்போம். என் மனைவி துளசிமணி துணி காயப்போடும்போது அடிக்கடி விழுவாள். எழுந்திருக்கும்போதும் கிளிப் வாயிலேயே இருக்கும்.

அங்கே எல்லோரும் ஜோடி. ஒரு திரை அகலத்துக்கு மேல் ஒருவரை விட்டு ஒருவர் விலக முடியாது. அவள் நின்றால் என் கால் நகராது. நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருப்பேன். எங்கள் பக்கத்து வழக்கப்படி ஆண் முன்னால் நடப்பான், பெண் பின்னால் வருவாள். நான் திரும்பிப் பார்ப்பதில்லை. கால் நகர்ந்தால் அவள் வருகிறாள் என்று அர்த்தம். இதில் பார்க்க என்ன இருக்கிறது.

இரண்டாம் பாகத்தில் என்னென்ன புதிது என்று தெருமுனையில் பலகை வைத்திருந்தார்கள். நான் கண்ணாடி எடுத்துப் போகவில்லை. பெரிய எழுத்தில் இருந்ததை மட்டும் படித்தேன். 'முதல் பாகம் தெரியாதவர்களும் விளையாடலாம்.' நமக்கென்ன என்று வந்துவிட்டேன்.

அதன் அர்த்தம் பக்கத்து வீட்டு மாரண்ணனைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

படங்களில் சாக்குக்காரன் என்று ஒருவன் வருவான். தலையிலிருந்து முழங்கால் வரை கோணிச்சாக்கு. முகம் கிடையாது. குழந்தைகள் அவனைப் பார்த்தால் சிரிப்பார்கள். முதல் பாகத்தில் அவன் கம்பால் ஒரு தட்டு தட்டுவான், சிதறுவோம், எழுவோம். அடிப்பது பிள்ளைகளுக்கு நல்லதில்லை என்று இரண்டாம் பாகத்தில் கம்பை எடுத்துவிட்டார்கள். இப்போது பின்னாலேயே வருகிறான். நடந்தால் நடப்பான். ஓடினால் ஓடுவான். நின்றாலும் திரும்பினாலும் சாக்கை நம் தலையில் கவிழ்ப்பான். கவிழ்த்து உடனே எடுத்தும் விடுவான். காயம் இல்லை. ஆள் முழுசாக வெளியே வரும். முதல் பாகம் மட்டும் நினைவில் இருக்காது.

பால் வாங்கப் போன மாரண்ணன் அப்படித்தான் வந்தார். தன் வீட்டு வாசலில் செருப்பை ஓரமாக விட்டுவிட்டு, "அம்மணி, உள்ள வரலாங்களா?" என்று தன் மனைவி தெய்வாத்தாளைக் கேட்டார்.

"வாங்க" என்றாள். விருந்தாளிகளுக்கு வைத்திருக்கும் வெள்ளி டம்ளரில் காப்பி கொடுத்தாள்.

"காப்பி நல்லாருக்குதுங்க" என்றார்.

அத்தனை வருஷத்தில் அவர் அப்படிச் சொன்னதே இல்லை. தெய்வாத்தாள் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

துளசிமணி என்னைப் பார்த்து, யாருங்க, என்ன வேணுமுங்க என்று மரியாதையாகக் கேட்டால் நான் என்ன செய்வேன். வீட்டுக்கு வந்து, "இனிமே ஊட்ட உட்டு வெளிய போகாதே" என்றேன்.

"நீங்க பேக்கரிக்குப் போகாம இருந்துருவீங்களாக்கும்" என்றாள்.

அது நியாயம். கிளம்பினோம். நான் முன்னால் நடந்தேன். கால் நன்றாகவே நகர்ந்தது. பேக்கரிக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்து ரெண்டு டீ சொல்லிவிட்டுத் திரும்பினால் அவள் இல்லை.

எனக்கு வலப்பக்கம் வானத்திலிருந்து தரை வரை ஒரு கறுப்புக் கோடு நின்றது. பேக்கரி பெஞ்சைப் பாதியில் வெட்டியிருந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் வேறு ஊர் தெரிந்தது. இரண்டாம் பாகத்தில் திரை யாரையும் இழுத்துப் பிடிப்பதில்லை. விலகினால் விட்டுவிடுகிறது. நடுவில் கோடு போட்டு ஆளுக்குப் பாதியாகக் கொடுத்துவிடுகிறது. பலகையில் சின்ன எழுத்தில் எழுதியிருக்க வேண்டும்.

முதல் பாகத்தில் எங்கள் தெரு ஒரு சுவரில் முடியும். சுவரில் பொள்ளாச்சி ரோடும் தென்னந்தோப்பும் வரைந்திருக்கும். அந்தத் தோப்புக்குள் துளசிமணியின் அக்கா வீடு. கல்யாணமான நாளிலிருந்து சுவரைக் காட்டி, "அதோ எங்கக்கா ஊடு" என்பாள். இப்போது சுவரைத் திறந்துவிட்டிருந்தார்கள். அவள் அந்த ரோட்டில் மஞ்சப்பையோடு போய்க்கொண்டிருந்தாள்.

அவளுக்குப் பின்னால், கையெட்டும் தூரத்தில், சாக்குக்காரன்.

"இந்தா, எங்க போறே?" என்றேன். கோட்டைத் தாண்டிப் பேச்சு கேட்கும்.

"அக்கா ஊட்டுக்குத்தானுங்க. செவுத்தத் தொறந்துட்டாங்க. உங்களக் கூப்பிட்டேன், நீங்கதான் திரும்பியே பாக்காம போயிட்டீங்களே."

அவள் நடை குறைந்தது. பேசினால் நின்று பேசுகிறவள் அவள். சாக்குக்காரனின் கைகள் சாக்கின் ஓரத்தைப் பிடித்தன.

"நிக்காதே. நடந்துக்கிட்டே பேசு."

"எதுக்குங்க?"

சொன்னால் திரும்புவாள். பாம்பு என்றாலே கிட்டே போய்ப் பார்க்கிற பிறவி.

"வெயில் ஏறுது. நட."

அவள் நடந்தாள். தலையை மட்டும் லேசாகக் கோட்டின் பக்கம் சாய்த்து என் பாதியைப் பார்த்தாள். பிறகு குரல் மாறியது.

"நீங்களும் அங்கயே உக்காந்துட்டிருக்காதீங்க. எந்திரிச்சு நடங்க."

"டீ வரட்டும்."

"டீ கெடக்குதுங்க. டாக்டர் நடக்கச் சொன்னாரல்ல? அப்படியே எந்திரிச்சு வாங்க. திரும்பாம வாங்க."

எதற்கு இவ்வளவு அதிகாரம் என்று எரிச்சலாக இருந்தது. எழுந்து நடந்தேன். பேக்கரிக்காரர், "ஏனுங் ஐயா, டீ!" என்று கத்தினார். பிறகு அவரும் எதையோ பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

அவள் பாதியில் ரோட்டோரம் ஒரு கறிவேப்பிலை மரம் வந்தது.

"கொழுந்து கொழுந்தா இருக்குதுங்க. ஒரு கொத்து..."

"வேண்டாம். நட."

"உங்களுக்கு ரசத்துக்குத்தான்..."

"ரசமே வேண்டாம், நட!"

ஒரு வாசலிலிருந்து யாரோ ஒரு பெண்பிள்ளை, "எந்த ஊருங்க அம்மணி?" என்று கேட்டாள். துளசிமணியிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டால் ஊர், குலம், பெண் கட்டின இடம் வரை சொல்லாமல் நகர மாட்டாள். ஆனால் அவள் ஒரு வார்த்தை பேசாமல் கடந்து போனாள். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு நிஜமாகப் பயம் வந்தது.

"தண்ணி டேங்க்கைச் சுத்தி அந்த ரோடு இந்தப் பக்கம் வருது. அப்படியே வளைஞ்சு வா. நானும் வரேன்" என்றேன்.

"அக்காவை நான் செவுத்துலதானுங்க பாத்துருக்கேன்."

"அப்புறம் பாக்கலாம். வா."

அவள் வளைந்தாள். நானும் டேங்க்கைப் பார்த்து நடந்தேன். அப்போது என் பிடரியில் கோணி வாசம் அடித்தது. பழைய அரிசி மூட்டையைப் பிரித்த மாதிரி. என் செருப்புச் சத்தத்துக்குப் பின்னால் இன்னொரு காலடி, என்னுடையதோடு சரியாக ஒத்து விழுந்தது.

"துளசி. எனக்குப் பின்னாலயா?"

"திரும்பாதீங்க."

"உனக்குப் பின்னாலயும்..."

"தெரியுமுங்க. வெயில் ஏறுதுன்னீங்களே, அப்பவே தெரியும். நீங்க என்னைக்கு எனக்கு வெயிலப் பத்திச் சொன்னீங்க?"

நடந்தோம். வேகமாக நடந்தால் அவர்களும் வேகம். மூச்சு வாங்கியது. கோட்டின் அந்தப் பக்கம் அவளுக்கும் வாங்கியது.

"ஏனுங்க."

"ம்."

"கவுத்துட்டான்னா உங்கள யாருன்னு கேப்பேனுங்களா?"

"கேப்பே."

"கேட்டா அதட்டாதீங்க. யாருன்னு பொறுமையாச் சொல்லுங்க."

என்ன சொல்வது என்று யோசித்துப் பார்த்தேன். பேரைச் சொல்லலாம். அதற்குப் பிறகு சொல்ல எதுவும் வரவில்லை. கால் தடுமாறியது. பிடரியில் சாக்கின் பிசிறு உரசியது. "நடங்க, நடங்க, நடங்க" என்று அவள் கத்தினாள். நடந்தேன்.

டேங்க்குக்கு அடியில் எதிரெதிரே வந்தோம். கோடு மெலிந்து நூலாகி மறைந்தது. பாதி இல்லாமல் முழுசாக அவள் தெரிந்தாள். முகம் வெளுத்திருந்தது. அவள் தோளுக்கு மேல் ஒரு சாக்கு. என் தோளுக்கு மேல் அவள் பார்த்ததும் அதைத்தான். நிற்க முடியாது. திரும்பவும் முடியாது. மோட்டார் ரூமுக்கும் டேங்க் தூணுக்கும் நடுவே ஒரு சந்து இருந்தது. அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பக்கவாட்டில் அதற்குள் நடந்தேன். கையைப் பிடித்து நடப்பது எங்கள் பக்கத்து வழக்கமில்லை.

கடைக்கண்ணில் தெரிந்தது. சாக்குக்காரர்களுக்கு முன்னால் இப்போது முதுகு எதுவும் இல்லை. ஒருவன் எதிரே ஒருவன் நின்றான். நின்றவர்கள்மேல் சாக்கு கவிழ வேண்டும். இரண்டு சாக்கும் ஒன்றன்மேல் ஒன்று கவிழ்ந்தன. எடுத்தபோது ஒரு ஆளும் ஒரு பொம்பளையும் நின்றார்கள். நடுத்தர வயது. முதல் பாகம் தெரியாத முகங்கள்.

"ஏனுங்க, நம்ம ஊடு எதுங்க?" என்று அந்தப் பொம்பளை கேட்டாள்.

"தேடுவோம்" என்றான் அவன்.

அப்போது இன்னொரு கோடு விழுந்தது. இது படுக்கைவசத்தில். திரையின் மேல்பாதி எங்களுக்கு, கீழ்ப்பாதி அவர்களுக்கு. உயரம் குறைந்துவிட்டதால் நாங்கள் குனிந்து நடந்தோம். மஞ்சப்பையின் ஒரு காதை அவள் பிடித்திருந்தாள், இன்னொன்றை நான்.

கொஞ்ச தூரம் போனதும் காலுக்கு அடியில் பேச்சுக் கேட்டது.

"மேல யாரோ நடக்கறாப்புல இல்லீங்களா?"

"ஆமா. ராத்திரியும் இப்படியே நடந்தா எப்படித் தூங்கறது?"

துளசிமணி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். நானும் கழற்றினேன்.